கசிராகியின் வடக்குச் சுவர்

ஒரெஸ்தே கசிராகி என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு வசவாகத்தான்.

மிலான் நகரத்தின் மேற்கு ஓரத்தில், டிராம் பாதை முடிந்து வண்டி திரும்புகிற இடத்தில், அரசாங்கம் தொழிலாளிகளுக்குக் கட்டிய எட்டு மாடிக் குடியிருப்பு எங்களுடையது. நாங்கள் குடியேறிய முதல் குளிர்காலம். என் மகள் மரிலேனாவின் கட்டிலை ஒட்டிய சுவர் கறுத்துப் பூஞ்சை படர்ந்திருந்தது. ப்ளீச் ஊற்றித் தேய்த்தேன். ஒரு வாரத்தில் மறுபடி வந்தது. பக்கத்து வீட்டு கோசிமோ, டிராம் ஓட்டுகிறவன், எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தக் கசிராகி கை விளங்காமப் போக" என்றான்.

"யாரு அது?"

"இந்தக் கட்டடத்தை வரைஞ்ச மகராசன். அவன் வீட்டுச் சுவத்துல பூஞ்சை இருக்காது, நுன்சியா. படம் மாட்டியிருப்பான்."

அதன்பிறகு லிஃப்ட் நின்றால் கசிராகி, கூரை ஒழுகினால் கசிராகி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தேறாமல் வந்தாலும் கசிராகி. மனிதனைப் பார்க்காமலே எங்கள் கட்டடம் முழுக்க அவரைத் திட்டித் தின்றுகொண்டிருந்தது.

மரிலேனாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் மருந்து எழுதிவிட்டு, "வீட்டை மாத்துங்க" என்றார், ஏதோ சட்டையை மாற்றச் சொல்வதுபோல. நானும் மூன்றாம் மாடி அசுந்தாவும் விலாசம் விசாரித்துக்கொண்டு நேராகக் கசிராகியின் அலுவலகத்துக்கே போனோம். ஊருக்கு நடுவில், பழைய மாளிகை ஒன்றின் முற்றத்தைத் தாண்டி இருந்தது. கொழுத்த ஆள் ஒருத்தர் சுருட்டோடு வருவார் என்று எதிர்பார்த்தேன். கதவைத் திறந்தவர் ஒல்லியாக, முழங்கையில் நைந்துபோன ஸ்வெட்டரோடு, விரலெல்லாம் பென்சில் கரியாக நின்றார்.

"உக்காருங்க, சிஞோரா" என்று, பெரிய வீட்டு அம்மாவைக் கூப்பிடுகிற மரியாதையோடு, நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலையிலிருந்து நின்றுவிட்டு வந்தவள். அந்த நாற்காலி என் இடுப்பை அப்படியே வாங்கிக்கொண்டது. சண்டை போட வந்தவள், ஒரு நிமிஷம் எதற்கு வந்தேன் என்பதையே மறந்தேன். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"நாற்காலி நல்லா இருக்கு, ஆர்க்கிடெக்ட்" என்றேன். "உக்கார்ற இடத்துக்கு இவ்வளவு யோசிச்சிருக்கீங்க. எங்க புள்ளைங்க படுக்கிற இடத்துக்கு யாரு யோசிக்கிறது?"

எந்த மாடி, எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். "வடக்கு மூலையா? நான் வரைஞ்சதுல அங்க படுக்கையறையே கிடையாதே."

"உங்க படத்துல இல்லன்னா என்ன, என் பொண்ணு அங்கதான் படுக்குறா."

அசுந்தா எழுந்தாள். "அவ்வளவு நல்லா வரைஞ்சிருந்தா நீங்களே வந்து குடியிருந்து பாக்கறதுதானே?"

நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

அந்த வசந்தத்தில் ஒரு சின்ன லாரி எங்கள் வாசலில் வந்து நின்றது. அதில் ஒரு மேசை, ஒரு கட்டில், புத்தகப் பெட்டிகள், அந்த நாற்காலியில் இரண்டு. ஐந்தாம் மாடியில் என் வீட்டை அடுத்து, வேண்டாமென்று ஒரு குடும்பம் விட்டுப்போன வீட்டில் கசிராகி குடியேறினார். தனியாக.

அவர் மனைவி லிதியா டாக்டர் வீட்டுப் பெண். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அவள் சொன்னதை அவரே என்னிடம் பிறகு சொன்னார்: "நீ பிராயச்சித்தம் பண்ணிக்கோ, ஒரெஸ்தே. அதுக்கு நான் ஏன் இருமணும்?"

அவருடைய கதையை வருஷக்கணக்கில் துண்டு துண்டாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்த ஊர்க்காரர்தான். பழைய மிலான் வீடு ஒன்றில், மாடிக்கு ஒரு குழாய், கோடியில் ஒரு கக்கூஸ் என்று பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் அடைந்திருந்த இடத்தில் பிறந்தவர். அம்மா தெரேசா பிறத்தியார் துணிக்கு இஸ்திரி போட்டுப் பிழைத்தாள். அந்த வீட்டுக் கதவுகள் எல்லாம் கம்பி போட்ட ஒரு நீள நடைபாதையில் திறக்கும். பெண்கள் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவுவார்கள், சண்டை போடுவார்கள், அடுத்தவள் பிள்ளையை அதட்டுவார்கள். பையன் உதவித்தொகையில் பெரிய கல்லூரிக்குப் போய் ஆர்க்கிடெக்ட் ஆனான். ஆனாலும் அந்த நடைபாதை தலையை விட்டுப் போகவில்லை.

எங்கள் கட்டடத்துக்கான போட்டியில் அவர் படம் ஜெயித்தது. ஒவ்வொரு மாடியிலும் தெரு மாதிரி அகலமாக ஒரு நடைபாதை. தெற்கு வெயில் விழும்படி. சமையலறை ஜன்னல் எல்லாம் அதைப் பார்த்துத் திறக்கும். அந்த நடைபாதையில் போட்டு உட்கார ஒரு நாற்காலியும் வரைந்தார். ஒட்டுப்பலகையில் இரண்டே துண்டு. ஒன்றை மற்றொன்றில் சொருகினால் நாற்காலி, கழற்றினால் சுவரில் மாட்டலாம். ஆலைத் தொழிலாளி வாங்கக்கூடியது. அதற்கு அம்மா பெயரையே வைத்தார், தெரேசா என்று.

அதைச் செய்துதர ஆள் தேடி, மிலானுக்கு வடக்கே மரச்சாமான் பட்டறைகள் நிறைந்த பிரியான்ஸாவில் ஊர் ஊராக அலைந்தார். கடைசியில் அத்திலியோ பொர்கெத்தி என்ற முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டான். ஆனால் வால்நட் மரத்தில், தோல் மெத்தையோடு.

"இது ஏழைங்களுக்கு வரைஞ்சது" என்றாராம் கசிராகி.

"ஏழை உன்கிட்ட வந்து கேட்டானா?" என்றானாம் பொர்கெத்தி. "அவன் காலம் பூரா வெறும் பலகையில உக்காந்தவன்பா. அவனுக்கு வெல்வெட் சோபா வேணும். வெறும் பலகை மேல ஆசைப்படறவன் பணக்காரன் மட்டுந்தான்."

அந்த நாற்காலி வக்கீல் ஆபீஸ்களுக்கும் வங்கிகளுக்கும் போயிற்று, கப்பலேறி அமெரிக்காவுக்கும் போயிற்று. பத்திரிகைகளில் கசிராகியின் படம் வந்தது. விளக்கு வரையக் கூப்பிட்டார்கள், மேசை வரையக் கூப்பிட்டார்கள், சாம்பல் கிண்ணம்கூட வரையச் சொன்னார்கள். வீடு கட்ட மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

பொர்கெத்தி சொன்னதில் தப்பும் இல்லை. கசிராகி முதல்தடவை என் வீட்டுக்குள் வந்தபோது, தவணையில் வாங்கின என் அலமாரியை, பளபள பாலிஷும் கண்ணாடியும் தங்கக் கைப்பிடியுமாகச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றதை, சாவு வீட்டில் பிணத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. ரொம்பப் பெரிசா இருக்கு."

"பெரிசா இருக்கணும்னுதான் வாங்கினேன்."

குடியேறிய ஆரம்பத்தில் அவரை யாரும் மனிதனாக நடத்தவில்லை. தூக்கில் தொங்குகிற ஆள் ஒருவனை அவர் கதவில் கரியால் வரைந்து பெயரும் எழுதிவைத்தார்கள் பையன்கள். அவர் குனிந்து பார்த்து, "கோடு நல்லா வருது" என்று சொல்லிவிட்டு, அழிக்காமலே விட்டார். லிஃப்ட் நின்ற நாளெல்லாம் கோசிமோ கீழே காத்திருப்பான். "படியில வாங்க ஆர்க்கிடெக்ட், படியில வாங்க. என்ன அழகான படி! எந்தப் புண்ணியவான் வரைஞ்சானோ!" அவர் மூச்சு வாங்க ஏறுவார்.

மரிலேனாவின் சுவரைச் சரிபண்ணித் தருகிறேன் என்று அவரே முன்வந்தார். சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டு, முழுச் சுவருக்கும் ஒட்டுப்பலகை அடித்தார். ஆணி அடிக்கத் தெரியவில்லை, கட்டைவிரல் நீலமாகிவிட்டது. என் புருஷன் ரோக்கோ சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு தானே அடித்தான். அந்தக் குளிர்காலம் சுவர் காய்ந்தது. பிள்ளை நன்றாகத் தூங்கினாள். நான் அவருக்கு ஒரு தட்டு நிறையப் பாஸ்தா கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டடத்தில் முதல்முதலாக இரண்டு பேர் அவருக்கு வணக்கம் சொன்னார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் மரிலேனாவை நீலம் பாரித்த உதட்டோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வந்து ரோக்கோ பலகையைப் பெயர்த்தான். பின்னால் சுவர் முழுக்கக் கம்பளி போர்த்தியதுபோலப் பூஞ்சை. மூடி வைத்ததில் அது நிம்மதியாக வளர்ந்திருக்கிறது. கசிராகி வாசற்படியில் நின்று பார்த்தார். ரோக்கோ கையில் பெயர்த்த பலகை. நான் நடுவில் போய் நிற்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

மரிலேனாவைத் தெற்கே, கடலோரத்தில், என் அக்கா வீட்டுக்கு அனுப்பினோம். மூச்சு சரியாகும்வரை என்று சொல்லித்தான் அனுப்பினோம். அவள் அங்கேயே வளர்ந்தாள், அங்கேயே படித்தாள். கோடையில் பார்க்கப் போனால் என் அக்காவை அம்மா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

அதற்குப் பிறகுதான் கசிராகி வெறிபிடித்தவர்போல ஆனார். கட்டடத்தைச் சீர்செய்ய முழுத் திட்டம் வரைந்தார். வடக்குச் சுவருக்கு வெளியே இன்னொரு சுவர், கூரைக்குப் புது மூடி. வீட்டுவசதி அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். குடியிருப்பவள் ஒருத்தி கூட இருந்தால் நல்லது என்றார்.

அங்கே இருந்த அதிகாரி அவரைவிட ரொம்ப இளையவன். பழைய கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசினான். "தெற்கு பாத்த படுக்கையறையை வடக்கே திருப்பினது, நடைபாதையைப் பாதியாக் குறைச்சது, சுவரை மெலிசாக்கினது, எல்லாத்துக்கும் நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க, ஆர்க்கிடெக்ட்? அப்ப சரியா இருந்தது, இப்ப எப்படித் தப்பாச்சு?"

நான் கசிராகியைப் பார்த்தேன். அவர் மடியிலிருந்த தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காண்ட்ராக்டர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் அதுவரை நான் நம்பியிருந்தேன்.

டிராமில் திரும்பும்போது நான்தான் கேட்டேன். "ஏன் போட்டீங்க?"

"பக்கத்துலயே இன்னொரு கட்டடம் வர்றதா இருந்தது. இதுல தகராறு பண்ணாம கையெழுத்துப் போட்டா, அதை நான் வரைஞ்சபடியே கட்ட விடறோம்னாங்க."

"விட்டாங்களா?"

"இல்ல. வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

"அப்ப நாங்க குடியிருக்கிறது உங்களுக்கு ஒத்திகையா?"

வெளியே மூடுபனி. ஜன்னலில் ஒன்றும் தெரியாதபோதும் அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஜனங்க தகரக் கொட்டகையில கிடந்தாங்க, பாதி நல்ல வீடாவது சீக்கிரம் கிடைக்கட்டும்னு போட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அதுவும் பொய் இல்ல, சிஞோரா நுன்சியா. ஆனா முதல்ல நினைச்சது அது இல்ல."

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. அவர் மேல் இரக்கப்பட்டு அல்ல. சொன்னால் ரோக்கோ அவரை ஐந்தாம் மாடியிலிருந்து தள்ளிவிட்டு ஜெயிலுக்குப் போயிருப்பான்.

வருஷங்கள் ஓடின. ரோக்கோ டயர் ஆலையிலிருந்து ஓய்வு பெற்று, பிறகு நெஞ்சுவலியில் போய்விட்டான். கசிராகி அங்கேயே இருந்தார். வசவுகள் தேய்ந்து பழக்கமாகிவிட்டன. ஒருநாள் அத்திலியோ பொர்கெத்தியின் மகன் ஜான்மாரியா நீளக் காரில் வந்திறங்கினான். தெரேசா நாற்காலி பிறந்து முப்பதாம் ஆண்டாம். எங்கள் நடைபாதையில் வைத்து அதைப் படம் எடுத்து ஒரு பெரிய பத்திரிகையில் போடவேண்டுமாம். கசிராகி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நகரசபையில் செல்வாக்குள்ள ஒரு ஆள் ஜான்மாரியாவுக்கு நெருக்கம். அவரிடம் சொல்லிக் கூரையைச் சீர்செய்து தரவேண்டும். ஜான்மாரியா கையில் அடித்துச் சத்தியம் பண்ணினான்.

கசிராகி வீடுவீடாக வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை. "நல்ல துணி உடுத்திக்கிட்டு வெளிய வந்து உக்காருங்க. பீன்ஸ் உரிங்க, அரட்டை அடிங்க. நான் நினைச்ச மாதிரி ஒரு நாளாவது இருக்கட்டுமே." அசுந்தா தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். கோசிமோகூட டை கட்டியிருந்தான்.

பன்னிரண்டு நாற்காலிகளைத் துணி சுற்றி இறக்கினார்கள். கேமராக்காரன் நடைபாதையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். பிறகு எங்களைக் காட்டி, "இவங்களை உள்ள போகச் சொல்லுங்க" என்றான்.

நான் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன்.

"துணி இருக்கட்டும்மா. ஆளுங்க மட்டும் வேணாம்."

"இவங்க இல்லாம இது என்னது?" என்றார் கசிராகி. "வெறும் சிமெண்ட்டு."

ஜான்மாரியா அவர் தோளில் கை வைத்தான். "கூரையை நினைச்சுக்கங்க, ஆர்க்கிடெக்ட்."

அவர் கேமராவுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். நாங்கள் உள்ளே போய், சொந்தச் சமையலறை ஜன்னல் வழியாக, எங்கள் வாசலைப் படம் எடுப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்திரிகை வந்தது. காரை உதிர்ந்த சுவரும் கறுத்த பூஞ்சையும் ஓவியம் மாதிரி விழுந்திருந்தன. அழிவில் ஒரு கவிதை இருக்கிறதென்று கீழே எழுதியிருந்தான் ஒருத்தன். நகரசபை ஆள் அடுத்த வருஷம் லஞ்ச வழக்கில் உள்ளே போனார். கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது. கோசிமோ அந்தப் பக்கத்தைக் கிழித்து லிஃப்டுக்குள் ஒட்டி, கொட்டை எழுத்தில் எழுதினான்: நாற்காலி - பொர்கெத்தி. பூஞ்சை - கசிராகி. அசுந்தா அதன்பிறகு சாகும்வரை அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. "எம் மூஞ்சி வேணாம், எங்க வீட்டுப் பூஞ்சை மட்டும் வேணுமா?" என்று கேட்டாள்.

பிறகு ஒருவழியாகக் கட்டடத்தை இடித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. எங்களுக்கெல்லாம் வேறு இடத்தில் புது வீடு. அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை தன் மாணவர்களோடு கசிராகியைத் தேடி வந்தாள். இது நாட்டின் முக்கியமான கட்டடங்களில் ஒன்று, இடிக்க விடக்கூடாது, நீங்கள் கூட்டத்தில் பேசவேண்டும் என்றாள். நான்தான் காபி போட்டுக் கொடுத்தேன். மாலைவரை அவர் அம்மாவின் நடைபாதையைப் பற்றி, வெயிலைப் பற்றிக் கேட்டார்கள்.

அவர்கள் போனபிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுபது வயசாச்சு நுன்சியா. இன்னிக்குத்தான் ஒருத்தரும் நாற்காலியைப் பத்திக் கேக்கல."

"கூட்டத்துல பேசப் போறீங்களா?"

"நீங்க சொல்லுங்களேன்."

"நான் என்னத்தச் சொல்ல? மரிலேனா கிறிஸ்துமஸுக்கு வந்தா ஓட்டல்ல தங்குறா. இந்த வீட்டுக்குள்ள அவளால ஒரு மணி நேரம் உக்கார முடியல."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

கூட்டம் சர்ச் மண்டபத்தில். பேராசிரியை முன்வரிசையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். கசிராகி எழுந்தார். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"நான் வரைஞ்ச கட்டடம் வேற. இது நான் கையெழுத்துப் போட்ட கட்டடம். அடுத்த வேலை கிடைக்கும்னு போட்டேன். இதைக் காப்பாத்த வேண்டிய அவசியம் இல்ல. இடிச்சுடுங்க."

பேராசிரியையின் முகம் சுண்டிப்போனது. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் ஜனங்களாவது கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒரு கை எழவில்லை. பின்வரிசையிலிருந்து கோசிமோ, அவனும் கிழவனாகிவிட்டான், எழுந்து கத்தினான்: "இதை இருபது வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா என்ன? வாயில கொழுக்கட்டையா இருந்தது?"

கசிராகி தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து அதன்பின் யாரும் வரவில்லை.

நாங்கள் காலி பண்ணினோம். அவர் பிரியான்ஸா பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனார். நுரையீரல் கெட்டிருந்தது, எங்கள் எல்லோருக்கும் போலத்தான். ஒருமுறை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

"புது வீடு எப்படி?" என்றார்.

"சுவர் காஞ்சு கிடக்கு. ஒரு பொட்டு ஈரம் இல்ல."

"சமையலறை ஜன்னல்?"

"லிஃப்ட் சுவரைப் பாத்து இருக்கு. அடுத்த வீட்டுல யாரு இருக்கான்னே தெரியாது. செத்தாலும் நாத்தம் வந்துதான் கண்டுபிடிப்பாங்க."

தன் நடைபாதையை நினைத்துச் சந்தோஷப்படுவார் என்றுதான் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. "யாரு வரைஞ்சது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "கேட்டு வைங்க" என்றார். "பேரு தெரிஞ்சாத்தான் திட்ட முடியும்."

பிப்ரவரி மாதம் போல, பனி உருகாத ஒரு காலையில் செத்துப்போனார். பொர்கெத்தி கம்பெனி பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தது, ஜான்மாரியா வரவில்லை. எங்கள் பழைய கட்டடத்திலிருந்து நானும் கோசிமோவும் மட்டும் போனோம். கோசிமோ தொப்பியைக் கழற்றாமல் பின்னாலேயே நின்றான். சடங்கு முடிந்ததும் முன்வரிசையிலிருந்த லிதியா மெதுவாக என்னிடம் வந்தாள். அத்தனை வருஷத்தில் அவளை அன்றுதான் பார்க்கிறேன். நல்ல கோட்டு போட்டிருந்தாள்.

"நீங்கதானே நுன்சியா? உங்களைப் பத்திப் போன்ல சொல்லுவார்." கொஞ்சம் தயங்கினாள். "அங்க அவர் சந்தோஷமா இருந்தாரா?"

"இல்ல, சிஞோரா" என்றேன்.

அவள் தலையசைத்தாள். நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனாள்.